பல் போனால் சொல் மட்டுமா போகும்?



'வத்திராயிருப்பு' என்ற ஊர்ப் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தாகிய 'வ' பிறக்கும்போது மேற்பற்கள் கீழுதட்டைத் தொடுகின்றன. அடுத்து வரும் 'த்' பிறக்க, நாக்கின் நுனி மேற்பற்களின் பின்புறத்தில் அழுந்துகிறது. முன்பற்களை இழந்த பெரியவர் ஒருவர் இதே பெயரைச் சொன்னால் பாதி எழுத்து வெறுங்காற்றாகிவிடும். 'வ' பிறக்கப் பல்லும் இதழும் சேர வேண்டும் என்பதைத் தொல்காப்பியரே கண்டு சொல்லியிருக்கிறார். 'பல் போனால் சொல் போச்சு' என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதைத்தான்.

போவது சொல் மட்டுமா? அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வ. புதுப்பட்டி. அந்த 'வ' வத்திராயிருப்பைக் குறிப்பதுதான். எங்கள் ஊர்த் திண்ணைகளில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்பார் ஒருவர். வெற்றிலை பாக்கைச் சிற்றுரலில் இடித்து வாயில் ஒதுக்குவார் மற்றொருவர். 'வயசானா பல்லு விழத்தானே செய்யும்' என்பார் மூன்றாமவர். உங்கள் தெருவிலும் இவர்கள் இருப்பார்கள்.

இந்த மூன்றாமவர் சொல்வது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து. முதியவர்களின் வாயையும் உடல் குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்களின் வாயையும் கவனிப்பதை நாம் கடைசி வேலையாகத் தள்ளி வைத்திருக்கிறோம். அது தவறு. அந்தத் தவற்றின் விலை சில சமயம் ஓர் உயிர்.

பல்லுக்கு ஆயுள் உண்டா?

முடி நரைப்பதுபோல் வயதானால் பல் தானாக விழும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பல் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வயதன்று, நோய். ஒன்று பற்சொத்தை, மற்றொன்று ஈறு நோய். இரண்டும் கிருமிகளால் வருபவை. இரண்டையும் பெருமளவு தடுக்க முடியும்.

இதற்குச் சான்று ஜப்பான். அங்கே 1989-இல் '8020' என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. 80 வயதிலும் சொந்தப் பற்கள் 20 இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தொடங்கிய காலத்தில் இந்த இலக்கை எட்டியிருந்த முதியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2016-இல் எடுத்த கணக்கில் பாதிக்குமேல் எட்டிவிட்டார்கள். அந்த நாட்டு மக்களின் எலும்பும் பல்லும் இடையில் மாறிவிடவில்லை. மாறியது கவனிப்பு.

உலக அளவில் பார்த்தால், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 23 பேர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 40 லட்சம் பேர். தமிழ்நாட்டில் அப்போது பத்தில் ஒருவர் முதியவர். அதே கணக்கில் மாற்றுத்திறனாளிகள் நாடு முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேர். இவர்களின் வாய்நலம் சிறிய விஷயமா, சொல்லுங்கள்!

நொறுங்கத் தின்னும் கணக்கு

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பார்கள். இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு தேங்காய்த் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். பத்து மடங்கு! செரிமான நீர் உணவின் பரப்பில்தான் வேலை செய்கிறது. ஆகவே பல் என்பது செரிமானத்தின் முதல் இயந்திரம்.

நல்ல பற்கள் உள்ள இளைஞர் ஒருவர் கடைவாயில் 500 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசையைக் கொடுக்க முடியும். அது ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள மூட்டையின் பாரம். முழுப் பல்செட் அணிந்தவரால் அதில் நான்கில் ஒரு பங்கைக்கூடக் கொடுப்பது கடினம். பல்லும் இல்லை, பல்செட்டும் இல்லை என்றால்? நிலக்கடலை, கேரட், இறைச்சி, கொய்யா எல்லாம் தட்டிலிருந்து மறைந்துவிடும். மிஞ்சுவது கஞ்சியும் தேநீரில் தோய்த்த ரொட்டியும். 'தாத்தா இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று வீட்டில் சொல்வார்கள். தாத்தாவுக்குப் பசி இருக்கிறது. கடிக்கத்தான் முடியவில்லை.

வாய் வறண்டால் வரும் வினை

ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது வெறும் எச்சில் அன்று. அமிலத்தைத் தணிக்கிறது, கிருமிகளை அடித்துச் செல்கிறது, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருகிறது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைக்கின்றன. முதியவர்கள் பலர் இவற்றை உண்கிறார்கள். அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி வழி கேட்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. வயதாக ஆக ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிகிறது. வேருக்குப் பற்சிப்பி என்னும் கவசம் கிடையாது. பற்சிப்பி கரையத் தொடங்க பி.எச். அளவு 5.5-க்கு இறங்க வேண்டும். வேரோ 6-க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கிவிடும். ஆகவே சிறு வயதில் ஒன்றும் செய்யாத அதே இனிப்புத் தேநீர் முதுமையில் பல்லின் அடியை அரிக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் செங்கல் பொடியால் பல் தேய்ப்போர் இன்றும் உண்டு. உங்கள் பாடத்தில் வரும் 'மோ' கடினத்தன்மை அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். பற்சிப்பியின் கடினம் 5. செங்கல்லில் உள்ள மணல் துகளின் கடினம் 7. வேர் இரண்டையும்விட மிக மென்மையானது. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதுதானே விதி? 'பளிச்'சென்று ஆவது பல் அன்று, தேய்மானம்தான்.

வாயிலிருந்து நுரையீரலுக்கு

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. பேச்சும் போய்விட்டது. வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தோம். முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தோம். சில மாதங்களில் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினார். கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'நோயின் பிடிவாதம்' என்று நினைத்தோம். பிறகு காய்ச்சல், இருமல், நிமோனியா.

மருத்துவமனையில் வயதான செவிலியர் ஒருவர்தான் டார்ச் விளக்கை அடித்து வாயைப் பார்த்தார். வலது கன்னத்தின் உட்புறம் பழைய சோறு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் உணர்வு குறைந்துபோனதால் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் உடைந்த பல் ஒன்று நாக்கின் ஓரத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. 'எத்தனை நாளாச்சு சார் வாயைப் பார்த்து?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவன் நான். ஒரு டார்ச்சைத் தாயின் வாய்க்குள் அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

நிமோனியாவுக்கும் வாய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியவர்களுக்கு உமிழ்நீர் சிறிது சிறிதாக மூச்சுக்குழலுக்குள் நழுவுகிறது. துலக்காத வாயின் உமிழ்நீரில் கிருமிகள் ஏராளம். அவை நுரையீரலில் குடியேறுகின்றன. ஜப்பானில் யோனேயாமா என்பவரும் அவருடைய குழுவினரும் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டு ஆராய்ந்து, 1999-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. உணவுக்குப்பின் பிறர் உதவியோடு வாய் துலக்கப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 11 ஆகக் குறைந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் இதனால் பயன் கிடைத்தது. புதிய மருந்து எதுவும் இல்லை, நண்பர்களே. ஒரு பிரஷ், ஒரு மனிதக் கை, அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இதைப் போன்றதே. பெருமூளை வாதம் உள்ள சிறுவனால் பிரஷைப் பிடிக்க முடியாது. வலிப்பு நோய்க்குத் தரும் பெனிடாயின் என்ற மருந்து சிலருக்கு ஈறை வீங்கி வளரச் செய்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ஈறு நோய் இளமையிலேயே வருகிறது. இரத்தம் உறையாத நோய் உள்ளவருக்குப் பல் பிடுங்குவதே ஆபத்தான காரியம். முன்னேற்பாடு இல்லாமல் செய்யக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பல் மருத்துவரின் விளக்கும் இயந்திர ஓசையும் பேரச்சம் தருகின்றன. இவர்களில் பலரால் 'பல் வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. அழுவார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள், சோற்றை ஒதுக்குவார்கள். அதைக் 'குணம்' என்று நாம் எழுதி வைத்துவிடுகிறோம்.

பதினெட்டுப் படிகள்

அம்மாவின் உடைந்த பல்லைச் சரிசெய்ய ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். அது முதல் மாடியில் இருந்தது. பதினெட்டுப் படிகள். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நானும் என் மைத்துனரும் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஏறும்போதே மனம் கணக்குப் போட்டது. நாற்காலியோடு சேர்த்து 55 கிலோ. உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். செய்த வேலை சுமார் 1,600 ஜூல். ஒரு கிராம் சர்க்கரை தரும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான்! ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும்? தூக்க இரண்டு பேர் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

சாய்தளம் அமைக்கலாமே என்பீர்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்போது தள்ள வேண்டிய விசை எடையில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. அரை மீட்டர் உயரமுள்ள வாசற்படிக்கு 6 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். ஆனால் 3 மீட்டர் மாடிக்கு 36 மீட்டர் வேண்டும்! எந்தக் கடைவீதியில் அதற்கு இடம் உண்டு? ஆகவே இயற்பியல் சொல்லும் தீர்ப்பு எளிது: பல் மருத்துவமனை தரைத் தளத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் மின்தூக்கி இருக்கட்டும்.

இது வெறும் ஆசையன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்ல வழி இருக்க வேண்டும் என்கிறது. சிகிச்சையில் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது. படிக்கட்டுதான் இன்னும் அதைப் படிக்கவில்லை.

கண்ணுக்கு வந்தது பல்லுக்கு வராதா?

'கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு மதுரையைக் காட்டுகிறேன். ஒரு காலத்தில் முதுமையில் கண் தெரியாமல் போவதையும் 'வயசாயிடுச்சு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். கண் சிகிச்சை முகாம்கள் ஊர் ஊராக வந்தன. 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு, விலையுயர்ந்த கண்ணுள் வில்லைகள் மதுரையிலேயே மலிவாகத் தயாராயின. இன்று புரை விழுந்தால் எங்கள் ஊர்ப் பாட்டியும் 'முகாம் எப்போ?' என்றுதான் கேட்கிறார். விதி என்று இருந்தது சிகிச்சை என்று ஆகிவிட்டது.

இன்னொரு செய்தி. வாத நோயால் விரல்கள் கோணிப்போனவர் அந்த மருத்துவர். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைப் பழகிக்கொண்டுதான் அவர் ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகளைச் செய்தார். கருவிதான் கைக்கு ஏற்ப வளைய வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எது?

பல்லுக்கும் இது முடியும். மின்சாரமோ சுழலும் இயந்திரமோ இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் என்ற சிமெண்ட்டால் அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவாயிற்று. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஆதரித்தது. சில்வர் டயமின் புளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் பல சொத்தைகள் பரவாமல் நின்றுவிடும். பல் கறுத்துப்போகும் என்பது அதன் குறை. ஆனாலும் வலியில்லை, ஊசியில்லை. இந்தச் சிமெண்ட்டும் இந்தத் திரவமும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இவை கட்டிலருகே செய்யக்கூடியவை.

தமிழ்நாட்டில் 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. வீட்டுக்குள் வரும் அந்தக் கையில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பார்ப்பது விதியாகட்டும் என்பதே என் வேண்டுகோள். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு மற்றதைப் பாராதிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

இரண்டு தடைகள்

முதல் தடை பணம். 'சாகப் போகிற வயதில் பல்லுக்குச் செலவா?' என்று பெரியவர்களே சொல்வார்கள். 65 வயதில் பல்லை இழந்தவர் இன்னும் 15 ஆண்டுகள் வாழலாம். நாளுக்கு மூன்று வேளை என்றால் அது 16,000-க்கும் மேற்பட்ட சாப்பாடு. அத்தனையையும் ருசியில்லாமல் விழுங்கச் சொல்வது நியாயமா?

இரண்டாவது தடை அச்சம். 'மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்' என்று நம் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். பல்லின் வலியை உணர்த்துவது ஐந்தாம் மூளை நரம்பு. பார்வைக்கு உரியது இரண்டாம் மூளை நரம்பு. இரண்டும் வேறு வேறு பாதைகள். வீட்டில் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல உங்களைவிட ஏற்றவர் யார்?

நீங்கள் செய்யக்கூடியது

வாரம் ஒரு முறை அப்பத்தாவிடம் அனுமதி கேட்டு, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, உடைந்த பல்லின் கூர்முனை, கன்னத்தில் தங்கிய உணவு ஆகியவற்றைத் தேடுங்கள். புகையிலையும் பாக்கும் போடுபவர் என்றால் ஆறாத புண்ணை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கை நடுங்குபவரின் பிரஷ் காம்பில் பழைய சைக்கிள் கைப்பிடி உறையைச் செருகிவிடுங்கள். காம்பு தடித்தால் விரல்களை இறுக மூட வேண்டியதில்லை. ஆரம் கூடுவதால், அதே பிடியில் திருப்புத்திறனும் கூடுகிறது.

படுத்த படுக்கையாக இருப்பவரைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரலில் சுற்றிக் கன்னத்தின் உட்புறத்தையும் ஈறுகளையும் துடையுங்கள். விரலைப் பல்வரிசைகளுக்கு நடுவே விடாதீர்கள். விழுங்கத் திணறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் காயத்துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. அதில் ஒரு முழம் நம் வீட்டுக் கட்டிலுக்கும் வரட்டும்!

பல்செட் அணிபவரா? இரவில் கழற்றித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். மேற்பல்செட்டும் அப்படித்தான், உமிழ்நீர்ப் படலத்தின் பரப்பு இழுவிசையால் நிற்கிறது. பல் இல்லாத தாடையெலும்பு காலப்போக்கில் தேய்கிறது; இடைவெளி கூடுகிறது; பிடி தளர்கிறது. ஆகவே ஆடும் பல்செட்டைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், பல் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

என் தாயார் இப்போது வ. புதுப்பட்டி வீட்டில்தான் இருக்கிறார். என் பத்தாம் வகுப்பு மகள் தினமும் இரவு அவருக்கு வாய் துடைத்துவிடுகிறாள். பேச்சு முழுவதும் திரும்பவில்லை. ஆனால் போன தைப்பொங்கலன்று ஒரு கரும்புத் துண்டை இடது கடைவாயில் வைத்து மெல்ல மென்று சாற்றை விழுங்கினார். நாங்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் டார்ச் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.